ஓட்டைதானே என்றார்கள்

காலையிலிருந்து வலது தோள்பட்டையில் ஒரு வலி. உன் புருஷன் எனக்கும் பித்தப்பையில் கல் வந்து, நேற்று எடுத்துவிட்டார்கள். உனக்குச் செய்த மாதிரியே துளை போட்டுத்தான். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில். படுத்தாலும் குத்துகிறது, மூச்சை இழுத்தாலும் குத்துகிறது. உன் வலி இதுதானா என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம், சொல்ல நீ இல்லை.

அன்று நீ, தோளைப் பிடித்துவிடச் சொல்லி அழுதாய். நானும் தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. டாக்டர் வந்து விளக்கினார். கருவி நுழைய இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் வாயுவை அடித்து உப்ப வைப்பார்களாம். மிச்ச வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைக்கு அடியில் போய் நிற்குமாம். அங்கே உறுத்தினால் நரம்பு அதைத் தோள்வலி என்றுதான் சொல்லுமாம். இரண்டு மூன்று நாளில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும் என்றார். "உங்க கம்பெனி கம்ப்ரஸர்லயே அடிச்சிட்டாங்க போல" என்றாய் என்னைப் பார்த்து. அந்த வலியிலும் உனக்கு வாய் குறையவில்லை. சிரிக்கப் போய், தையல் இழுத்து, மறுபடியும் அழுதாய்.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. தியேட்டரிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தபோது பல் கிடுகிடுவென்று அடிக்க நடுங்கினாய். மயக்க மருந்து தெளியும்போது அப்படித்தான் என்றாள் நர்ஸ். தொண்டைக்குள் குழாய் விட்டு எடுத்ததில் குரல் கரகரத்துக் கிடந்தது. அந்தக் குரலில், கண்ணைத் திறக்காமலே, தெலுங்கில் கேட்டாய்: "அம்மா வச்சிந்தா?" அம்மா வந்தாச்சா என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள் நீ. கெலவரப்பள்ளி அணைப் பக்கம், தெலுங்கு பேசும் வீடுதான் உன் பிறந்த வீடு. வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரனைக் கட்டிக்கொண்டவள் செத்தவளுக்குச் சமம் என்று சொல்லிவிட்ட வீடு. வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றேன். தூங்கினாய். விழித்ததும் அதையே கேட்டாய், நானும் அதே பொய்யைச் சொன்னேன். சொன்னது எதுவும் உன் மண்டையில் நிற்கவில்லை. வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து உன் வீட்டுக்குப் பேசினேன். உன் அம்மா, அத்தைதான் எடுத்தார்கள். என் குரல் கேட்டும் வைக்கவில்லை, அதுவே பெரிது. ஆபரேஷன் என்றதும், "வயித்தைக் கிழிச்சாங்களாப்பா?" என்றார்கள். வயிற்றைக் கிழித்துப் படுத்திருக்கும் மகளுக்கு, எந்தப் பகையானாலும், பெற்றவள் வந்து பத்தியச் சோறு ஆக்கிப் போடலாம், உங்கள் சனத்தில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வயசானவங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது.

"இல்ல அத்தை. நாலு ஓட்டைதான் போட்டாங்க. சின்ன ஆபரேஷன்தான்."

"ஓட்டைதானா. அப்ப சரிப்பா" என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் உனக்குத் தெளிந்தபோது அம்மாவைக் கேட்டது எதுவும் நினைவில்லை. போன் பேசியதை நானும் மறைத்துவிட்டேன். குடல் இன்னும் விழிக்காமல் வயிறு பானை மாதிரி உப்பிக் கிடந்தது. காற்றுப் பிரிந்ததா என்று நர்ஸ் வந்து வந்து கேட்க, நீ வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நீ வேலை பார்த்த ரோஜாத் தோட்டத்து சூப்பர்வைசர், ஓட்டைதானே, எப்போது பேக்கிங்குக்கு வருகிறாய் என்று கேட்டு ஆளனுப்பினார். வெளியே நாலு பிளாஸ்திரி என்றால் உள்ளே வெட்டியது இல்லையென்று ஆகிவிடுமா? வாசல்வரை நடந்தாலே உனக்கு உடம்பு ஓய்ந்துபோனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைத் தூக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பழைய ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அன்றைக்கு வந்தார்கள் அத்தை. உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அன்னிக்குப் பெரிய ஆபரேஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனேப்பா. வர்றதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?"



சற்றுமுன் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து நம் பெண் பேசினாள். பரீட்சை நேரம் என்று அவளிடம் சொல்லாமல்தான் அட்மிட் ஆனேன், பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். சின்ன ஆபரேஷன்தானாமே, நான் வரணுமாப்பா என்று கேட்டாள். வேண்டாம், படி என்று நாக்கு நுனிவரை வந்தது.

"பெரிய ஆபரேஷன்தான் கண்ணு" என்றேன். "வா."