மிச்ச வானத்தையும் எண்ணச் சொல்லிவிட்டேன்

என் செல்லத் தங்கச்சி கயலுக்கு,

காய்ச்சல் என்று படுத்தாய். ஆறாம் நாள் போய்விட்டாய். நாலு மாசம் ஆகிறது. உன் லேப்டாப் என் பீரோவில்தான் இருந்தது. நெல் வியாபாரிக்கு அது எதற்கு என்று உன் அண்ணி கேட்டாள். பீரோவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நேற்று காலை, உன்னோடு ஆராய்ச்சி செய்த கூத்தாநல்லூர் ஷமீமா வந்தாள். பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே குடோனுக்கே வந்துவிட்டாள். உன் வேலையை முடிக்க அந்த லேப்டாப் வேண்டுமாம்.

பிரபஞ்சம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிதானா என்று சோதிப்பதாகச் சொல்வாய். திசைதிசையாக கேலக்ஸிகளை எண்ணுவாய். பூமி, சூரியனோடு சேர்ந்து நாம் ஓடுகிற பக்கம் எண்ணிக்கை கொஞ்சம் கூடித் தெரியும், அதைக் கழிக்கணும் என்றாய். நான் முழித்தேன். "பைக்ல போறப்ப தூறல் நெஞ்சுலதானே விழுது? அதுக்காக மழை முன்னாடி மட்டும் பெய்யுதுன்னு சொல்வியா அண்ணே?" என்று சிரித்தாய்.

ஷமீமா விஷயத்தை உடைத்தே சொன்னாள். "அதையெல்லாம் கழிச்சும் கயல் எண்ணின வரைக்கும் ஒரு பக்கம் கூடுதலா வருதுண்ணே. அப்படியே கட்டுரையாப் போட்டா எல்லாரும் அவ பேரைச் சொல்வாங்க."

"அப்புறம் என்ன யோசனை?"

"கால்வாசி வானம் இன்னும் எண்ணல. அதையும் சேர்த்தா இந்தச் சாய்வே காணாமப் போகலாம். அப்ப இது பத்தோட பதினொண்ணுதான்."

"இருக்கிறதப் போடும்மா," என்றேன்.

ஒளிக்கவில்லை கயலு. உன் பேர் பெரிதாக வரவேண்டும் என்ற ஆசைதான். இன்னொன்றும் உண்டு. எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்று முடிந்துபோனால், நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று நான் எங்கே பார்ப்பேன்? ஒரு பக்கம் கூடுதல் என்றால், அதோ அங்கே என்று கை காட்டவாவது செய்யலாமே.

ஷமீமா டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என் கையில், மூட்டையில் குத்தி நெல்லைச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி. அந்தக் குறுவை அறுப்பு ஞாபகம் வந்தது. களத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளில் முன்வரிசையை மட்டும் குத்தி, நெல்லைக் கடித்துப் பார்த்து, விலை பேசிவிட்டேன். லீவுக்கு வந்திருந்த நீ பின்னால் போய்க் கைவைத்தாய். அத்தனையும் ஈரம். "நாலு பக்கமும் குத்தாமயா விலை பேசுன? எங்க டிபார்ட்மெண்ட்ல உன்னைய வாசல்லயே நிறுத்திருவாங்க!" ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அன்று எனக்குக் கோபம். நேற்று அதே ஆட்கள் முன்னால் அழுதேன்.

முன்வரிசையைக் காட்டி உன் பேரை விற்கப் பார்த்தேனே. நீ இருந்தால் விட்டிருப்பாயா?

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டேன். பேசி முடித்தது இதுதான்: மிச்ச வானத்தையும் எண்ண வேண்டும். சாய்வு நின்றாலும் போனாலும், வந்ததை வந்தபடி எழுத வேண்டும். கட்டுரையில் முதல் பேர் உன்னுடையது, அடுத்தது அவளுடையது. நீ எண்ணியது பிழை என்று ஆனாலும், உன் பேரை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
பெரியண்ணன்