கண்ணாடிக்குச் சூடு

கூர் நகரம்

அன்பான அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

புதுக் கார் எடுக்கிறேன். முன்கண்ணாடியில் உறையும் பனியைச் சூட்டால் உருக்கும் கம்பிகளும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். "சுரண்டுற தகடு இருக்கேக்கை உது வீண் ஆடம்பரம்" என்று ஓர்லிகோனில் இருக்கிற அத்தான் உங்களிடமும் சொல்லியிருப்பார். அவருடைய கார் வீட்டுக்குக் கீழே நிலவறையில் நிற்கிறது. என்னுடையது வெட்டவெளியில் நிற்கிறது.

போன கிழமை வேலைக்குப் பிந்திவிட்டது. அவசரத்தில், நம்மூர்ப் புத்தியில், கொதிதண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினேன். அது குறுக்கே வெடித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நான் வீட்டுக்குப் போய் இன்சுலின் ஊசி போட வேண்டிய மூதாட்டி, சாப்பிடாமல் காத்திருந்தார். அந்தப் பழைய காருக்கு இனி ஒரு கண்ணாடியும் வாங்க மாட்டேன்.

பக்கத்து வீட்டில் புருசன் ஒரு பக்கம் சுரண்ட, பெண்சாதி மறுபக்கம் சுரண்டுகிறாள். எனக்கு இரண்டு பக்கமும் நான்தான்.

கோயில் திருநீறு கொஞ்சம் அனுப்புங்கோ. புதுக் கண்ணாடியில் திருநீறும் பூசுவேன், கம்பியும் போடுவேன். அத்தான் இன்னும் ஆடம்பரம் என்றால், ஒரு விடியற்காலை இங்கே வந்து சுரண்டித் தரச் சொல்லுங்கோ.

பஸ் வருகிறது, அப்பா.

சிவகலா