பின்னால் கட்டிய கார்

மார்ச் 2, ஞாயிறு

வீடு காலி. கட்டில், பீரோ, அண்டா குண்டா எல்லாம் பிக்கப்பில் ஏறியாகிவிட்டது. கார் மட்டும் வாசலில் நிற்கிறது. அதை நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு இத்தனை வருஷம் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனது யார், பக்கத்து வீட்டுப் பூனையா?

இவர் மசியவில்லை. பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகப் போகிறாராம். பெட்ரோல் மிச்சமாம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பொருளுக்குப் பேரம் பேசத் தெரியாத மனுஷனுக்கு இன்றைக்குச் சிக்கனம் வந்துவிட்டது. காதில் பூச்சுற்றுகிறார். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

காலையில் மெக்கானிக் வந்து இழுவைக் கம்பியை மாட்டினார். இவரிடம் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் அடுக்களைப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. பார்த்தால், ஓட்ட ஆளில்லாத காரில் சாவி தொங்குகிறது.

பிக்கப் கொழுந்தனுடையது. அவர் இருக்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலைக்கு இவரைச் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். இவர் ஓட்டிக்கொண்டிருந்த சரக்கு லாரிக் கம்பெனியை மூடிவிட்டார்கள், அதனால்தான் இந்த மூட்டை முடிச்சு.

மூடிவிட்டார்கள் என்று இவர்தான் சொன்னார். இன்று மதியம் எதிரே அதே கம்பெனி லாரி வந்தது. பளபளவென்று, புதுப் பெயிண்ட். "மூடின கம்பெனிக்கு ஏதுங்க லாரி?" என்று கேட்டேன். "வித்திருப்பாங்க," என்றார். பேர் எழுதின புதுப் பெயிண்டோடா?

வழி முழுக்க என்னை வேலை வாங்கினார். பின்னால் கார் இருக்கிறதாம், இரண்டு பேரும் பார்த்தால்தான் ஆகுமாம். அந்தப் பக்கம் வண்டி வருதா பாரு, ஓரத்துல யாராவது நிக்கறாங்களா பாரு, அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு பாரு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் அசந்தால் அதட்டல்.

இன்னொன்று. வண்டி எங்கே நின்றாலும் "கம்பியைப் பார்த்துட்டு வரேன்" என்று இறங்கிப் போகிறார். கம்பியைத் தடவிப் பார்ப்பது நிஜம்தான். ஆனால் அதற்குப் பிறகு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெகுநேரம் வருவதில்லை. வரும்போது முகம் துடைத்த மாதிரி இருக்கிறது.

உள்ளே உட்கார்ந்து போனில் யாரிடம் பேசுகிறார்?

மார்ச் 4, செவ்வாய்

மகளிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்மா," என்று சிரித்தாள். அப்பா இந்த வயதிலா என்றாள். எந்த வயதில் என்றால் சரி? அவளுக்கு அப்பா என்றால் மனசு உருகும்.

என்னை நாத்தனார், கொழுந்தன் நடுவில் கொண்டுபோய் விட்டுவிட்டு இவர் வேறெங்கோ போகத் திட்டம் போட்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது. கார் என் கையில் இருந்தால் நான் நினைத்த நேரத்துக்குத் திரும்பி ஊருக்கே போய்விடுவேன். அதற்காகத்தான் கட்டி இழுக்கிறாரா?

மதியம் ஓய்விடத்தில் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். குறட்டை வந்ததும் கார்ப் பக்கம் போனேன். சாவியை உருவி டிக்கியைத் திறந்தேன். மெத்தை, தலையணை, ஸ்டெப்னி டயர், என் பழைய குடை. போர்வையைக்கூட உதறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சாவியைத் திரும்ப மாட்டவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன். கதவுகளைப் பூட்டிவிட்டேன். இனி எப்படி உள்ளே போய் உட்காருகிறார், பார்க்கிறேன்.

செவ்வாய், பிறகு

சாயங்காலம் நின்றபோது போனார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், பேசாமல் வந்துவிட்டார். கேட்கவே இல்லை. கேட்கிற தைரியம் இல்லை என்றால் அர்த்தம் என்ன!

மார்ச் 5, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் நெடுஞ்சாலை நேராகத்தான் போனது. டீசல் போட ஒரு பங்க்குக்குள் திரும்பினார். அப்படியே வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு உலுக்கல். கிறீச்சென்று சத்தம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"உங்க பக்கம் பாருங்க, உங்க பக்கம்," என்று கத்தினேன். இவர் தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணுமில்ல," என்றார்.

நான் அவர் மேல் சாய்ந்து அதே கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் புகை. வெள்ளை வெளேரென்று புகை! காரின் முன்டயர் திரும்பாமல் தேய்ந்து இழுபட்டுக்கொண்டு வந்தது. பங்க்கில் பெட்ரோல் போட நின்ற ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான்தான் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி நின்றபோது டயர் வெடித்தது.

அந்தக் கண்ணாடியில் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே.

பங்க்கை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். சாவியை உருவினா எங்கயாவது பெரிசா திரும்பறப்ப ஸ்டியரிங் பூட்டிக்கும், அப்புறம் சக்கரம் எப்படித் திரும்பும், இது தெரியாம எந்தப் புண்ணியவான் உருவினது என்று கேட்டார். "புண்ணியவதி," என்று சொல்லிக் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவமானத்தில் காது சுட்டது.

இவர் என்னைத் திட்டவில்லை. சாவியை வாங்கிப் போய்க் காரைத் திறந்தார், டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்தார், என் எதிரிலேயே அண்ணாந்து கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டார். டிக்கியைக் குடைந்த நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. சாவி உள்ளேயே இருக்கக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது என்று நினைத்தாராம், நேற்று மத்தியானத்துக்குப் பிறகு மருந்து விட முடியவில்லையாம்.

கண்ணுக்குள் அழுத்தமாம். ஒரு கண் கிட்டத்தட்டப் போய்விட்டதாம். இன்னொன்றில் ஓரங்கள் இருட்டிக்கொண்டு வருகிறதாம். கம்பெனியை யாரும் மூடவில்லை. பரிசோதனையில் தெரிந்து, இவரை நிறுத்திவிட்டார்கள்.

"காரை நீ தனியா ஓட்டிட்டு வந்தா இந்த வண்டியில எம் பக்கத்துல யாரு இருப்பா? பின்னால ஒண்ணைக் கட்டிட்டா அங்க பாரு இங்க பாருன்னு உன்னைக் கேட்கலாம். நீ சந்தேகப்பட மாட்டேன்னு நினைச்சேன்."

நான்! சந்தேகப்பட மாட்டேனாம்! சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பங்க் வாசலில் உட்கார்ந்து அப்படி அழுதேன். பிறகு கோபம். செத்துத் தொலைந்திருப்போமே. அந்தக் குழந்தை அடிபட்டிருந்தால்?

மார்ச் 6, வியாழன்

பிக்கப்பை நான் ஓட்டினேன். இதற்குமுன் தொட்டதுகூட இல்லை. பின்னால் காரைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது என்று, ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் சொல்லி அனுப்பினார். அதனால் எங்கே நிறுத்தினாலும் நேராக வெளியே போக வழியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். போகட்டும்.

லைசென்ஸ் வாங்கின நாளிலிருந்து இன்னொருத்தர் ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லையாம், இவர் அது மட்டும் சொன்னார்.

மார்ச் 7, வெள்ளி

வந்து சேர்ந்தோம். நான் ஓட்டி வந்ததைப் பார்த்துக் கொழுந்தனுக்கு வாய் பிளந்துவிட்டது. என்ன அண்ணே, அண்ணிக்கு டிரைவர் வேலை போட்டுக் குடுத்துட்டீங்களா என்றார். இவர் முதுகு வலி என்றார்.

முதுகு வலியாம். அவ்வளவு நடந்த பிறகும்.

மார்ச் 8, சனி

கொழுந்தன் பள்ளிக்கூட வேன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். இவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

தனியாக இருக்கும்போது கேட்டேன். "நான் பாத்துக்கறேன்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வார்? எந்தக் கண்ணால்? நானே கொழுந்தனிடம் சொல்லிவிடுவேன் என்றேன். "ஒரு நாள் குடு. என் வாயால சொல்லணும்," என்றார்.

சரி என்றேன். நம்பினேனா? நம்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்கச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி அங்கேயே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

விடியும்போதே குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வேனில் ஏறினால் குறுக்கே விழுந்தாவது மறிப்பது என்று முடிவு செய்துகொண்டு பின்னாலேயே போனேன். நன்றாகத் தள்ளித்தான் போனேன். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். ஒரு இடத்தில் சாக்கடை மேல் போட்ட பலகை தடுக்கி மண்டி போட்டு விழுந்தார். ஓடத் துடித்த காலை அடக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். இப்போது போனால் நம்பாமல் வந்தேன் என்று ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் வேன் நின்ற பக்கம் இவர் திரும்பவில்லை. ஆபீஸ் அறைக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேனேஜர் மேஜை மேல் சாவியை வைத்தார். கண்ணைக் காட்டி ஏதோ சொன்னார். மேனேஜர் எழுந்து நின்று இவர் தோளைத் தொட்டார். போதும் என்று குறுக்குச் சந்து வழியாக ஓடி வந்து அடுப்பில் பால் வைத்துவிட்டேன்.

வந்தார். முட்டியில் மண். "சொல்லிட்டேன்," என்றார்.

"அப்படியா," என்றேன், புதுசாகக் கேட்பது போல. டீயைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? அவ்வளவு தூரம் பின்னாலயே வந்தியே. விழுந்தப்ப ஒரு கை குடுத்திருக்கலாம்ல."