காலண்டர் அட்டையில் உன் முகம்

பாப்பிரெட்டிப்பட்டி
20-3-1944

சிரஞ்சீவி பச்சியப்பனுக்கு உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம், நீ சுகமா என்று பழக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சமாச்சாரத்துக்குப் போவது என் வழக்கம், இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை. ஐப்பசியில் வந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எந்தத் தேசத்தில் இருக்கிறாய் என்று எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அதை இங்கே யாரும் கேட்கவில்லை, இருக்கிறேன் என்று எழுதினால் போதும். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நீ தகப்பனாகிவிட்டாய், சாலம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பத்து நாள் ஆகிறது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், நானும் உன் அம்மாவும் இங்கே உன் மாமனார் வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அது பிறந்த விதத்தை நீ வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும், ஊரில் ஆளுக்கு ஒரு கதையாகச் சொல்கிறார்கள், எல்லாம் நான் வரைந்த படத்தால் வந்த வினை என்கிறாள் உன் அம்மா, அதில் பாதிதான் நிஜம்.

நான் ஸ்டேஷன் உத்தியோகத்தை விட்டு வந்த பிறகு வீட்டில் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கூட்ஸ் ஆபீஸில் அத்தனை வருஷம் புளி மூட்டைக்கும் கடலை மூட்டைக்கும் பிரஷ்ஷால் மார்க்கா போட்டுக்கொண்டிருந்த கை, சும்மா இரு என்றால் இருக்குமா. எங்கே உட்கார்ந்தாலும் உன் அம்மாவுக்கு இடைஞ்சல், பெருக்கும்போது எழுந்திருக்கச் சொல்லுவாள், களி கிண்டும்போது தள்ளிப் போகச் சொல்லுவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள் என்பாள், காட்டினால் கொட்டிவிட்டேன் என்பாள். அதனால் சேலம் போனபோது ஒரு வர்ணப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். மத்தியானம் அவள் வேலை முடிந்து படுத்ததும் புழக்கடைக் கதவு வழியாக நல்ல வெளிச்சம் விழும், ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து வரைவேன், மாவாட்ட அவள் எழுந்து வந்தால் என் கடையைக் கட்டிவிட வேண்டும். முதலில் நம் பசுவை வரைந்தேன், ஆடு நன்றாக இருக்கிறது என்றாள். யுத்தத்தினால் வர்ணக் கட்டி கடையில் கிடைக்காமல் போனதும் அவளுடைய மஞ்சளிலும் துணிக்குப் போடும் நீலத்திலும் கை வைத்தேன், சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்கு விளக்குக் கரி, எல்லாவற்றுக்கும் வேலம்பிசின். அரிசியை அளந்து போடுகிற காலத்தில் ஒரு மனுஷன் மஞ்சளைக் கரைத்துக் காகிதத்தில் பூசுகிறானே என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு மஞ்சள் டப்பாவைக் கேழ்வரகுப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். நான் அதையும் கண்டுபிடித்தேன்.

மாசியில்தான் உன் முகத்தை வரைய ஆரம்பித்தேன். உன் போட்டோ ஒன்றுகூட நம்மிடம் இல்லை, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று உன் அம்மா கடைசிவரை விடவில்லை, கடிதமும் நின்றுபோன பிறகு எனக்கு என்ன பயம் வந்தது என்றால், கண்ணை மூடினால் உன் முகம் முன்போல் முழுசாக வரவில்லை, மூக்கு வந்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பயத்தில்தான் பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் வரைந்தேன். படம் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் குற்றம் தெரியும், அட்டையில் கயிறு இருந்தது, சுவரில் உன் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் படம் மாட்டாத ஆணி ஒன்று இருந்தது, மாட்டினேன். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் உன் அம்மா தாத்தா படத்துக்குப் போட்ட பூச்சரத்தின் மறுமுனை எப்போதும்போல அந்த ஆணியில்தான் சுற்றியிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை, பிசின் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். அவளும் அண்ணாந்து பார்க்காமல் சாயங்கால விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் பால் கறக்கப் பின்பக்கம் போய்விட்டாள். நான் திரும்பி வந்தபோதுதான் பார்த்தாள், அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள், உயிரோடு இருக்கிற பிள்ளையை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தெரியவில்லையா என்றாள். சேலம் ஆபீஸில் பெரிய துரை படம் மாட்டியிருக்கிறது, அவர் வேளாவேளைக்கு நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று நான் திருப்பிச் சொன்னேன், ஆனாலும் உடனே கழற்றித் துணிப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உன் பெரிய மாமனார் மாதையன் அன்றைக்குப் புளி விற்க நம் மொரப்பூருக்கு வந்திருந்தாராம், நம் வீட்டுக்கு வரவில்லையே என்று அவள் அதற்கும் ஒரு மூச்சு பேசினாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து உன் மாமனார் ஊர் வண்டிக்காரன் நாகன் நம் வாசலில் வந்து நின்றான். தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான், தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றான். "மனசத் தேத்திக்குவீங்களாமுங்க, புள்ளைக்குப் பிரசவம் ஆவற வரைக்கும் காதுல வுழாமப் பாத்துக்கறோம்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பச்சியப்பா, எனக்கு அந்த நிமிஷமே புரிந்துபோயிற்று என்று நினைத்தேன். பட்டாளத்துத் தந்தி சம்சாரத்தின் பேருக்குத்தான் போகும், நீ சாலம்மாள் பேருக்கு இந்த ஊர் விலாசத்தைக் கொடுத்திருப்பாய், தந்தி இங்கே வந்திருக்கிறது, நிறைமாசக்காரிக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தாள், கன்றுக்குட்டியை அவிழ்த்து மாட்டிடம் விட்டாள், புடவை மாற்றிக்கொண்டு வந்து, "தந்திய என் கண்ணால பாக்காம நான் அழ மாட்டேன், எந்திரிங்க" என்றாள்.

ராத்திரி வண்டி கிடைக்கவில்லை, விடிகாலையில்தான் பாசஞ்சர், அதையும் மிலிடரி ஸ்பெஷலுக்காக நம் ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எத்தனை ஸ்பெஷலுக்கு வண்டிகள் வழி விட்டு நின்றதைப் பார்த்தவன் நான், அன்றைக்கு அந்த வண்டி போய்த் தொலையாதா என்றிருந்தது. அதுவும் சிக்னலுக்காகக் கொஞ்சம் நின்றது, ஜன்னல் ஜன்னலாகப் பையன்கள், ஒருவன் தண்ணீர் கேட்டான், உன் அம்மா செம்போடு கொடுத்துவிட்டு வண்டியின் கடைசிவரைக்கும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். செம்பு வண்டியோடு போயிற்று. பொம்மிடியில் இறங்கி, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினோம், அது மேட்டில் மூச்சு விட்டு நின்றுவிட்டது, மீதி வழி நடந்தோம்.

உன் மாமனார் எங்களைக் கண்டதும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஓடிவந்து, உள்ளே விடாமல் மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். உன் அம்மா, தந்தியைக் கொடுங்கள் என்றாள். எந்தத் தந்தி என்றார். பட்டாளத்துத் தந்தி என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "தந்தி உங்களுக்குத்தானுங்களே வந்திருக்கும், உங்க வூட்டுல மாப்பிள்ளை படத்துக்குப் பூப்போட்டு வெளக்கு வெச்சிருக்கறத அண்ணன் கண்ணால பாத்துட்டு வந்தாருங்களே" என்றார். மாதையன் அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் நம் வாசல்படி வரைக்கும் வந்திருக்கிறார். பார்த்திருக்கிறார். சாவு வீட்டில் கூப்பிட்டுக் கேட்பார்களா, வந்தது தெரியாமல் திரும்பிவிட்டார், பெண் நிறைமாசமாக இருப்பதால் நாங்கள் ஒப்பாரி வைக்காமல் மறைக்கிறோம் என்று இவர்களும் மூன்று வாரமாக மறைத்துவிட்டு, அதற்குமேல் துக்கம் கேட்காமல் இருக்க மனசு வராமல் நாகனை அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் துக்கம் எங்களிடமிருந்து போயிருக்கிறது, அதுவே நாகன் வண்டியில் எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. இதை நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் உன் அம்மா வைக்கோல்மேல் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். நான் சிரித்தேன் என்று உன் மாமனார் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அப்படீன்னா மாப்பிள்ளைகிட்டருந்து கடுதாசி வந்துச்சுங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நீ செத்தாய் என்பதற்கு ஒரு காலண்டர் அட்டை இருந்தது, அதுவும் பொய்யாகிவிட்டது, நீ இருக்கிறாய் என்பதற்கு எங்கள் கையில் ஒன்றுமே இல்லை, அந்தக் கொட்டகையில் நின்ற நேரம்போல ஒரு நேரத்தை நான் என் ஆயுசில் அனுபவித்ததில்லை.

சாலம்மாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. உன் மாமியார் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சாலம்மாள் நிதானமாகத்தான் இருந்தாள், என்னவோ நடந்திருக்கிறது என்று தனக்கு முன்பே தெரியும் என்றாள், "மூணு வாரமா எங்கம்மா என்ன ஒரு வார்த்த திட்டல மாமா, அப்பவே தெரியும்" என்றாள். அப்புறம் எல்லோரையும் பார்த்து, நீங்கள் பார்த்தது படத்தைத்தானே, அவரை யாரும் பார்க்கவில்லையே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாள் இன்னும் இருந்தது, அதற்குள் வலி வந்துவிட்டது. மருத்துவச்சி குள்ளம்மாளை அழைத்து வந்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் பயமாகிவிட்டது, இரண்டு தடவை வெளியே வந்து வெந்நீர் கேட்டவள் மூன்றாவது தடவை ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனாள். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இனி தூரிகையைத் தொடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன், பிறகு, அப்படி ஆகிவிட்டால் தூரிகை என்ன, நான் இருந்துதான் என்ன என்று நினைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் குழந்தை அழுதது. நல்ல பலமாக அழுதது.

அந்த அட்டையை எரித்துவிட வேண்டும் என்று உன் மாமியார் சொன்னாள். உன் அம்மா விடவில்லை, எரிப்பதும் ஆற்றில் விடுவதும் செத்தவர்களுக்குச் செய்கிற காரியம், என் பிள்ளை முகத்துக்கு அது நடக்காது என்றுவிட்டாள். ஆகையால் அது நம் வீட்டுப் பெட்டியில் அவள் புடவைக்கு அடியிலேயே இருக்கிறது. நானும் இனி இந்த வேலை வேண்டாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் சாலம்மாள் என்னைக் கூப்பிட்டுக் குழந்தையை வரைந்து கொடுங்கள் மாமா என்றாள். வீடே எதிர்த்தது, ஒரு படம் செய்தது போதாதா, பிறந்த பிள்ளையைப் படம் எழுதினால் கண்ணேறு பட்டுப் போகாதா என்றார்கள், என்னாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன், பயம்தான், மறைப்பானேன். அவள் விடவில்லை. "மொதப் படத்த எல்லாரும் பாத்தீங்க, அவரு பாக்கல. இத அவரு பாக்கட்டும்" என்றாள். என் பெட்டி மொரப்பூரில் இருந்தது, வேப்பங்குச்சியை மென்று தூரிகை செய்துகொண்டேன், மஞ்சளை உன் மாமியாரே முணுமுணுத்துக்கொண்டு கொண்டுவந்து வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, செம்மண் கொஞ்சம் கூடிவிட்டது, அவள் இவ்வளவு சிவப்பு இல்லை. முகம் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை, நீயே பார்த்துக்கொள்.

படத்தை இத்துடன் மடிக்காமல் வைத்திருக்கிறேன். நடுவில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆபீசர் ஐயா அவர்களுக்கு நான் தெரிவித்துக்கொள்வது, இதில் பாலமோ ரஸ்தாவோ எதுவும் இல்லை, ஒரு பெண் குழந்தைதான், தயவுசெய்து எடுத்துவிடாமல் அனுப்பி வைக்க வேண்டும். பச்சியப்பா, கன்னத்தில் இருக்கிற கறுப்பைப் பார்த்து அப்பா கை தவறிவிட்டார் என்று நினைக்காதே. இப்போது ஒட்டப் போகிற நேரத்தில் உன் அம்மா விரலில் மையைத் தொட்டுக்கொண்டு வந்து படத்தின் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலோடு தூங்காதே, மேலதிகாரிகளிடம் வாய் கொடுக்காதே, முனியப்பன் துணை இருப்பான். எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பேர் வைக்க வேண்டும் என்று எல்லோரும் உட்கார்ந்தபோது சாலம்மாள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள், பேரைக் குழந்தையின் அப்பா எழுதி அனுப்பட்டும், அவர் கையெழுத்தில் வந்தால்தான் வைப்பேன் என்கிறாள். உன் மாமனார், ஒருவேளை தாமதமானால் என்று ஆரம்பித்தார், தாமதமாகட்டும் என்றாள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு பேர் எழுது. அதுவரைக்கும் நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
உன் வரிக்காகக் காத்திருக்கும் அப்பா,
நஞ்சப்பன்