எனிவன் எண்டால் ஆர்?

குருநகர்
செவ்வாய்க்கிழமை

எமில்ராஜுக்கு,

கட்டப்போறவரை என்னெண்டு கூப்பிடுறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அதால பேரைத்தான் எழுதுறன். வொயிஸ் மெசேஜ் விட்டால் வீட்டில எல்லாரும் காது குடுத்துக்கொண்டு நிப்பினம். அதுதான் பேப்பரில எழுதிப் படமெடுத்து அனுப்புறன். வாசிச்சிட்டு அழிச்சுப்போடுங்கோ.

உங்களிட்டை லண்டனுக்கு வாற விசாவுக்கெண்டு ரவுணில இங்கிலீஷ் வகுப்புக்குப் போறன். இண்டைக்கு சிவரூபன் சேர் சம்வன், எனிவன், நோபடி படிப்பிச்சவர். ஒராள் இருக்கிறது தெரிஞ்சு, ஆரெண்டு தெரியாட்டில் சம்வனாம். இருக்கினமோ இல்லையோ எண்டே தெரியாமல் கேக்கேக்க எனிவனாம். ஒரு வசனம் சொல்லச் சொன்னார். எனக்கு உடனை ஞாபகம் வந்தது, கோயிலில பாதர் எங்கடை கலியாண அறிவித்தல் வாசிச்சதுதான். இந்தக் கலியாணத்துக்கு ஆருக்காவது ஏதாவது தடை தெரிஞ்சால் அறிவிக்கவேணும் எண்டு. அதையே இங்கிலீஷில சொன்னன். வகுப்பே சிரிச்சுது. சேர் சிரிக்கேல்லை. நல்ல வசனம் பிள்ளை, எனிவன் எண்டால் ஒருத்தரையும் விலத்தாது எண்டார்.

பஸ்ஸில வரேக்க அதுதான் யோசினை. அப்ப அதுக்குள்ள நீங்களும் நானும்கூட வருவம்தானே? மாப்பிளையும் பொம்பிளையும் தடை சொல்லலாமெண்டு எனக்கு இவ்வளவு நாளும் மண்டையில ஓடேல்லை. ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு, ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கடைசி அறிவித்தல் வாற ஞாயிறு.

கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. முதல் வீடியோ கோலில உங்களுக்குப் பின்னால கதவில சிவப்புக் கோட் ஒண்டு கொழுவியிருந்தது. சின்னக் கோட், உங்கடை தோளுக்குப் பத்தாது. அடுத்த கோலில வெறும் ஆணிதான். என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு நான் கேட்டதுக்கும் இஞ்சை எனக்குப் பக்கத்தில இருந்த உங்கடை அம்மாதான் பதில் சொன்னவ. நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்.

அந்தக் கோட் ஆரின்ரை? கூட இருக்கிற பெடியன்ரை தங்கச்சி விட்டிட்டுப் போனதெண்டால் சொல்லுங்கோ, சிரிச்சிட்டு விடுறன். சம்வன் எண்டாலும் சொல்லுங்கோ. உங்கடை அம்மாவுக்குப் பயந்துதான் ஓம் எண்டனீங்கள் எண்டால், நானே பாதரிட்டைப் போய் எனக்கு விருப்பமில்லை எண்டுறன். உங்கடை பேர் வெளியில வராது. ஏ.எல். படிப்பைப் பாதியில விட்டவள் இதையும் விட்டிட்டாள் எண்டு ஊர் கதைக்கும். உந்த ஏச்சு எனக்குப் பழகினது. ஒண்டும் தெரியாமல் அங்கை வந்து இறங்கிறதுதான் பயம்.

ஞாயிறு பூசைக்கு முன்னம் பதில் போடுங்கோ. என்ன பதில் எண்டாலும், அந்தக் கோட்டைத் திரும்பக் கதவில கொழுவி விடுங்கோ. அங்கை இப்ப சரியான குளிராம். அது ஆருக்கோ தேவைப்படும்.

ஜெசிதா