பெயர் கூப்பிடும் நேரம்

சிட்டு அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறையும் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு எப்படி நலம் என்று கேட்காதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுகிற அழகு உங்களுக்கே தெரியும். சாப்பிட்டியா என்பீர்கள், சாப்பிட்டேன் என்பேன். நீங்க என்று கேட்பேன், ‘ம்’ என்பீர்கள். அப்புறம் இரண்டு பேருமே சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி ஆபீஸில் கொடுத்தால், கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது உங்கள் கையில் சேர்த்துவிடுவார்களாம்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வாஷரை நானே மாற்றினேன், நம்பினால் நம்புங்கள். கடையில் தையல் வேலை குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வருஷத்தில் வளர்ந்துவிட்டார்கள், கால்சட்டை மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. முதலாளியம்மா, “மெதுவா தைங்க, அவசரமே இல்ல” என்கிறார். முன்பு இப்படிச் சொல்லியிருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். இப்போது எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள். சிட்டுவின் வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவள் சேர்ந்திருந்தாளே, அந்தத் தொலைநிலைக் கல்விப் படிப்பு. தன்னைப் போல வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே பாடம் சொல்லித் தரப் போகிறேன் என்று உங்களிடம் ஆயிரம் தரம் அளந்திருப்பாள். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடிகூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. கேமராவை அணைத்து வைத்திருப்பாள், குழாயெல்லாம் தெரியக் கூடாதாம். மெஷின் சத்தம் கேட்கும் என்று மைக்கும் கிடையாது. டீச்சர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். இவள் முறை வரும்போது ‘வந்துட்டேன் மேடம்’ என்று தட்டுவாள். அவ்வளவுதான். அந்த வாயாடியின் குரலை அந்த வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

அவள் நம்மை விட்டுப் போன அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளுடைய போனில் வகுப்பு மணி அடித்தது. நிறுத்தப் போய் எதையோ அழுத்தினேன், வகுப்பு திறந்துகொண்டது. டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பெயர் வந்தது. சிட்டு என்று இல்லை, நீங்கள் வைத்த பெயர். நமக்கு அவள் சிட்டு, தெருவுக்கே சிட்டு, ஆஸ்பத்திரியில் கட்டில் நம்பர். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்கூட ‘உங்க பொண்ணு’ என்றுதான் சொன்னார்கள். அந்த முழுப் பெயரை, பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் டீச்சர் சாதாரணமாகக் கூப்பிட்டார். பதில் இல்லை என்றதும் இன்னொரு தரம் கூப்பிட்டார். அவள் வரவில்லை என்று யாரோ எழுதிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. ‘வந்துட்டேன் மேடம்’ என்று தட்டிவிட்டேன்.

அப்புறம் விட முடியவில்லை. கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் டீச்சர் எங்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துவிட்டார். வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேச வேண்டுமாம். எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ‘சாப்பிட்டாங்களான்னு கேக்கலாம்’ என்று தட்டினேன். ஒரு பையன் சிரிக்கிற பொம்மை போட்டான். நம்முடைய போன் பேச்சு என்னை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது பாருங்கள்.

பாடத்தில் பாதிக்கு மேல் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் மனசில் நின்றுவிட்டது. டீச்சர் சொன்னார்: “தொலைவுன்னா கிலோமீட்டர் இல்ல. பேச்சு குறைஞ்சுபோச்சுன்னா அதுதான் தொலைவு. பேச்சு இருந்தா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும் பக்கத்துலதான். பேச்சு நின்னுட்டா ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தாலும் தூரந்தான்.” பெரிய பெரிய ஆட்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து சொன்னதாம். நம் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். சிட்டு இருந்தபோது நாம் மூன்று பேரும் பக்கத்தில்தான் இருந்தோம். போனை என் பக்கமும் தன் பக்கமும் திருப்பித் திருப்பி, நீங்கள் சொல்லாததை எனக்கும் நான் சொல்லாததை உங்களுக்கும் அவளே சொல்லிவிடுவாள். இப்போது சொல்ல ஆளில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் டீச்சரே போன் செய்தார். எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு ஒன்றுகூட வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகத்தான் கேட்டார். “நான் அவ அம்மா பேசுறேன்” என்றேன். அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று இருந்தேன். “அப்ப இத்தனை நாளா வந்தது நீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே, பெயரை எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். “பதிவுல நடந்ததத்தான் எழுதணும்மா, அதுல பொய் எழுத முடியாது. ஆனா கூப்பிடறது என் வாய்தானே. கடைசி வகுப்பு வரைக்கும் கூப்பிடறேன்” என்றார்.

அடுத்த வகுப்பில் அவள் பெயர் வரும் இடம் வந்தது. அதே குரலில் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் நிறுத்தினார். நான் ஒன்றும் தட்டவில்லை. பிறகு அடுத்த பெயருக்குப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அப்படித்தான். கூப்பிடுகிறார், நிறுத்துகிறார், அந்த இடம் சும்மா கிடக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவளை வழியனுப்ப நீங்கள் வர முடியவில்லை. நடுக்கடலிலிருந்து எப்படி வர முடியும்? அதை நான் குற்றமாக நினைக்கவே இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, குற்றமாகத்தான் நினைத்தேன், சிட்டு அப்பா. முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. நான் நாள்தோறும் அவள் பெயரைக் கேட்டு அழுதுகொண்டாவது இருந்தேன். நீங்கள் அந்தக் கப்பல் சமையல்கட்டில் யாரிடம் போய் அழுதிருப்பீர்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. அன்றைக்குக் கப்பல் கரையில் நிற்கும், நெட் கிடைக்கும் என்று ஆபீஸில் விசாரித்துவிட்டேன். வகுப்புக்கு வரும் லிங்க்கை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், என்னவோ ஏதோ என்று அழித்துவிடாதீர்கள். டீச்சரிடமும் கேட்டுவிட்டேன், வரட்டும் என்றார். அடுப்பை யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். கேமரா வேண்டாம்.

நீங்கள் வைத்த பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிடப் போவது அன்றைக்குத்தான் கடைசி. கூப்பிட்டுவிட்டு டீச்சர் நிறுத்துவார். அந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்லுங்கள். தட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள். உங்கள் குரலின் கரகரப்புதானே அவளுக்கும். அந்த வகுப்பு ஒரு தரமாவது அதைக் கேட்கட்டும். என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், அது எனக்கும் தெரியவில்லை. வழக்கம்போல ‘ம்’ மட்டும் கொட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

இல்லை, அதற்கு மேல் வராவிட்டால் ‘ம்’ என்றாலும் போதும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா