கம்பி பட்ட இடம்

பிப்ரவரி 3, திங்கள்
பொள்ளாச்சிக் களத்தில் எங்கள் கொப்பரை காய்கிறது. எனக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு, சிலிகான் வைத்துத் தைத்துக் கொடுத்தது வலதைவிடச் சின்னதாக, மேலே நிற்கிறது. டாக்டரம்மா சொன்னது: பருத்தி பிரா, முன்பக்கம் கொக்கி, கம்பி வைத்தது கூடவே கூடாது. போட்டால் சுகமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில்தான் சாய்ந்த மூட்டை. வெள்ளிக்கிழமை வெள்ளகோவில் எண்ணெய் மில்லுக்காரர் மயில்சாமி சரக்கு எடுக்க வருகிறார். சாய்ந்த மூட்டைக்கு எவன் நல்ல விலை சொல்வான்?

பிப்ரவரி 5
கோவை போய்க் கம்பி வைத்ததே வாங்கினேன். பெரிய பக்கத்துக்கு அளவு, சின்னப் பக்கத்தில் பேடு. டாக்டரம்மாவா வந்து களத்தில் நிற்கப் போகிறார்?

பிப்ரவரி 7
இரண்டு பக்கமும் சமம். நிமிர்ந்து நின்றேன். கேட்ட விலைக்கே சரக்கு போனது. நாள் முழுக்க வலியே இல்லை. தினமும் இதையே போடலாம்.

பிப்ரவரி 11
"ஏன் அம்மணி, ஜாக்கெட்டுல ரத்தமாட்ட இருக்குது?" என்றார் வீட்டுக்காரர்.
ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முன்னால் ஜாக்கெட் கழற்றியதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கம்பி பட்ட இடத்தில் தோல் பிய்ந்து சீழ். எப்ப இருந்து? தெரியலையே! அந்தப் பக்கம் மரத்துப்போயிருக்கும், எதுவும் தெரியாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க. நகத்துல அழுத்திக் கொப்பரையோட ஈரத்தைச் சொல்லிப்போடுவேன். என் உடம்பு அறுபட்டது எனக்குத் தெரியலை. என்ன பண்ணிப்போட்டேன் —

பிப்ரவரி 12
டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயம். சீழ் உள்ளே இறங்கினால் வைத்த சிலிகானையே எடுத்துவிட வேண்டுமாம். "வலிக்காதுங்கம்மா. அதனால தினம் கண்ணால பாக்கணும். அடிப்பக்கம் உங்களுக்குச் சரியாத் தெரியாது. வீட்டுல யாராச்சும் பாக்கட்டும்."
யாராச்சும் என்றால்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

பிப்ரவரி 13
கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 20
"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ?

மார்ச் 14
சிலிகானை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.
பருத்தி பிராவோடு களத்துக்குப் போனேன். மயில்சாமி வந்தார். "ஏனுங்க, இந்த லாட்டு ஈரமாட்ட இருக்குதுங்களே?" எப்போதும்போல் குறை. கொப்பரையில்தான்.
"ஒடிச்சுப் பாருங்க" என்றேன்.
சாயங்காலம் வீட்டுக்காரர் பார்த்தார். "ஆறிப்போச்சு அம்மணி. இனிப் பாக்க வேண்டியதில்ல" என்றார். விரலை மட்டும் தழும்பிலிருந்து எடுக்கவில்லை. அது அங்கே இருப்பது எனக்குக் கண்ணாடியில்தான் தெரிந்தது. நானும் கொக்கியைப் போடவில்லை.